அரங்கும் அலைபேசியும்: தமிழியல் கருத்தரங்குகளில் சமூக ஊடகப் பயன்பாடு குறித்த ஒரு மதிப்பீடு

தமிழியல் கருத்தரங்கு ஒன்று நடந்து முடிந்தபின் அதற்குச் சான்றாக எஞ்சுவன மூன்று: அழைப்பிதழ், ஆய்வுக்கோவை, சான்றிதழ். இம்மூன்றும் பெரும்பாலும் கருத்தரங்கு தொடங்குவதற்கு முன்பே அச்சாகிவிடுபவை. அழைப்பிதழ் முன்னரே அச்சாவது இயல்பு. ஆய்வுக்கோவையோ தொடக்க விழாவில் வெளியிடப்பட வேண்டியிருப்பதால் ஓரிரு மாதங்களுக்கு முன்பே கட்டுரைகள் பெறப்பட்டு, ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாக்கம் பெற்று, அரங்க வாயிலில் பைகளுக்குள் காத்திருக்கிறது. சான்றிதழில் பெயர் மட்டுமே எழுதப்பட வேண்டும். சில இடங்களில் அதுவும் எழுதப்பட்டே இருக்கும். ஆகவே, இரண்டு நாள் அரங்கில் யார் எதனை வினவினார், எந்தக் கருத்து மறுக்கப்பட்டது, எந்தப் பாடவேறுபாடு புதிதாகச் சுட்டப்பட்டது என்பவற்றிற்கு இம்மூன்றிலும் ஒரு வரிகூட இடமில்லை.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இவற்றுடன் நான்காவதாக ஒரு சான்றும் சேர்ந்துள்ளது. அது பங்கேற்பாளர்தம் அலைபேசிவழி உருவாகும் பதிவு: முகநூல் குறிப்பு, புலனம் எனத் தமிழில் வழங்கும் வாட்ஸ்அப் குழுவின் படங்கள், யூடியூப் நேரலை. நான்கனுள் இது ஒன்றுதான் அரங்கு நிகழும்போதே உருவாவது. அரங்கில் எழும் வினாவும் விடையும் எங்கேனும் பதிவு பெற இயலுமெனில் அது இந்நான்காவது சான்றிலேயே இயலும். எனினும் நம் கல்வியாளர்கள் இதனையும் சான்றிதழின் மறுபதிப்பாகவே பயன்படுத்துகின்றனர் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஏன் இவ்வாறு நேர்ந்தது, பிற துறைகளிலும் பிற நாடுகளிலும் இக்கருவி எவ்வாறு கையாளப்பட்டது, அங்கு எழுந்த சிக்கல்கள் எவை என்பன இங்கு நோக்கப்பெறுகின்றன.

கேட்டலும் எடுத்துரைத்தலும்

அலைபேசியை அரங்கிற்குள் நுழைந்த அயலான் என்று கருதுவோர் நம்மிடையே உளர். உரை நிகழும்போது தலை கவிழ்ந்து தட்டச்சு செய்பவர் உரையைக் கேட்பதில்லை என்பது அவர்தம் வாதம். அவ்வாறு கேளாதோர் பலர் என்பதும் உண்மையே. ஆயினும் இவ்வாதம், கேட்டல் என்பது அசையாது அமர்ந்திருத்தலே என்னும் எண்ணத்தின்மீது எழுந்தது. நம் மரபிலக்கணம் அவ்வாறு கருதவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் பாடங்கேட்டலின் வரலாற்றைக் கூறுமிடத்து, ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கைவருவது காற்பங்குப் புலமையே என்று வரையறுக்கிறார். உடன் பயில்வோரோடு பழகிப் பயிலுவதால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கைகூடும் என்பது அவர் கணக்கு.

இக்கணக்கைக் கருத்தரங்கிற்குப் பொருத்திப் பார்த்தால் மேடையுரை காற்பங்கு மட்டுமே. அரங்கிற்குள் அருகிருப்போரோடும் தொலைவிலிருப்போரோடும் அவ்வுரை குறித்துப் பரிமாறிக்கொள்வது இரண்டாவது காற்பங்கு. அரங்கிற்கு வாராதவர்க்கு அதனை எடுத்துரைப்பது அரைப்பங்கு. சமூக ஊடகம் செய்யவல்லது பின்னைய முக்காற்பங்கின் பணியை. அலைபேசியை அரங்கிலிருந்து விலக்குவதற்கு நன்னூலைத் துணைக்கழைக்க இயலாது. அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று வினவுவதற்கே நன்னூல் துணைசெய்யும்.

மேலைநாட்டு அனுபவம்

ட்விட்டர் 2006ஆம் ஆண்டு தோன்றியது. ஒரே பொருள்பற்றிய குறும்பதிவுகளை ஒருங்கு திரட்டும் குறிச்சொல் முறையை 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா முன்மொழிந்தார். மாநாடுகளுக்கு இம்முறை மிகப் பொருந்தியது. மாநாட்டின் பெயரையும் ஆண்டையும் இணைத்து ஒரு குறிச்சொல்லை அமைத்துவிட்டால், ஒரே நேரத்தில் பத்து அறைகளில் நிகழும் அமர்வுகளையும் ஓரிடத்திலிருந்து பின்தொடரலாம்.

கணினிவழி மானிடவியல் ஆய்வாளர்கள் இதனை முதலிலேயே கைக்கொண்டனர். 2009ஆம் ஆண்டு நிகழ்ந்த அத்துறையின் மூன்று கூடுகைகளில் வெளியான கீச்சுகளைத் திரட்டிக் கிளேர் ராஸ், மெலிசா டெராஸ், கிளேர் வார்விக், ஆன் வெல்ஷ் ஆகிய நால்வரும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் முன்னோடியானது. 326 பேர் எழுதிய 4,574 கீச்சுகள் அவர்தம் தரவு. குறிப்பெடுத்தல், உரைமீது கருத்துரைத்தல், நூல் இணைப்பு முதலிய வளங்களைப் பகிர்தல், தமக்குள் உரையாடுதல், தம் இருப்பை நிறுவிக்கொள்ளல் எனப் பலவகைப் பயன்பாடுகளை அவர்கள் கண்டனர். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதைப் படிப்போர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தம் இருப்பை நிறுவிக்கொள்ளல் நமக்கு மட்டும் உரிய குறையன்று. அங்கும் அது இருந்தது. ஆனால் அங்கு அது பலவற்றுள் ஒன்று.

அதே 2009ஆம் ஆண்டின் இறுதியில் பிலடெல்பியாவில் அமெரிக்க நவீனமொழிக் கழகத்தின் ஆண்டு மாநாடு நடைபெற்றது. அதில் கட்டுரை வழங்கவிருந்த பிரையன் கிராக்சால் என்பார் தற்காலிகப் பணியில் இருந்தவர். பயணச் செலவைத் தாங்க இயலாமையால் அவர் மாநாட்டிற்குச் செல்லவில்லை. அவருடைய கட்டுரை அவரில்லாமலேயே படிக்கப்பட்டது. தாம் ஏன் வர இயலவில்லை என்பதையே, அதாவது நிலையற்ற பணியிலிருக்கும் ஆசிரியர் மாநாடுகளிலிருந்து இல்லாதொழிவதையே, அவர் அக்கட்டுரையின் பொருளாக்கியிருந்தார். அதனைத் தம் வலைப்பக்கத்திலும் வெளியிட்டார். மாநாட்டில் இருந்தோர் ட்விட்டர்வழி அதனைப் பரப்ப, அரங்கில் கேட்டோரினும் இணையத்தில் படித்தோர் பன்மடங்காயினர். மாநாட்டில் இல்லாத ஒருவர் அவ்வாண்டு மாநாட்டில் மிகுதியாகப் பேசப்பட்டவராக ஆனார்.

இந்நிகழ்வு தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றுவிப்போருக்கு நன்கு விளங்கும். வாரணாசியிலோ தில்லியிலோ பணிபுரியும் ஒருவர் மதுரையில் நிகழும் ஒருநாள் கருத்தரங்கிற்குச் சென்றுவர நான்கு நாள் விடுப்பும் இருவழித் தொடர்வண்டிக் கட்டணமும் வேண்டும். அரங்கில் அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அவ்வைந்து நிமிடத்திலும் “நேரமில்லை, முடிவுரையை மட்டும் படியுங்கள்” என்னும் அமர்வுத் தலைவரின் குறுக்கீடு ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். இத்தகையோருக்கு அரங்கில் நிகழ்வதை நாள்தோறும் அறியத்தரும் ஓர் ஊடகம் அணியன்று, தேவை.

ஆயினும் மேலைநாட்டு அனுபவம் முழுமையும் இனிதாக அமையவில்லை. 2009 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த இணையத் தொழில்நுட்ப மாநாடு ஒன்றில் சமூக ஊடக ஆய்வாளர் டானா பாய்ட் உரையாற்றியபோது, அவையோரின் கீச்சுகள் அவருக்குப் பின்னிருந்த திரையில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் விரைந்து பேசுவதை எள்ளியும் அவரைப் பற்றித் தகாதன கூறியும் கீச்சுகள் பெருகின. திரை அவருக்குப் பின்னால் இருந்தமையால் அவை ஏன் சிரிக்கிறது என்பதே பேசிக்கொண்டிருந்தவருக்குத் தெரியவில்லை. உடன்பயில்வோரின் பரிமாற்றம் உரையாற்றுபவரை விலக்கி நிகழுமானால் அது புறங்கூறலாக முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு சிக்கல் உரிமை பற்றியது. 2008 ஆகஸ்டில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த இயற்பியல் கூடுகையில், பமேலா என்னும் விண்கலக் கருவியின் முடிவுகள் சில வெளியிடப்படாத நிலையில் திரையில் சிறிது நேரம் காட்டப்பட்டன. அவையிலிருந்த சிலர் அத்திரையைப் படம்பிடித்து, படத்திலிருந்து தரவுப் புள்ளிகளை அளந்தெடுத்து, அவற்றின்மேல் தம் விளக்கத்தைக் கட்டிக் கட்டுரையாக வெளியிட்டனர். படத்திலிருந்து பெற்றோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே குறிப்பிட்டனர். பமேலா குழுவினரின் கட்டுரை 2009 ஏப்ரலில்தான் வெளிவந்தது. 2009 மே மாதத்தில் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்து மரபணுவியல் கூட்டத்தில், ஆய்வாளர் ஒருவர் உரைகளைப் பற்றித் தம் வலைப்பக்கத்தில் உடனுக்குடன் எழுதினார். செய்தியாளர்கள் உரையாளரின் இசைவு பெற்றே எழுத வேண்டும் என்னும் விதி அங்கு முன்பே இருந்தது. ஆய்வாளருக்கு அவ்விதி இல்லையா என்று செய்தி நிறுவனமொன்று வினவ, ஆய்வகம் அவ்விதியை எல்லார்க்கும் விரித்தது. 2012ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மானிடவியல் அறிஞரிடையேயும் இதே விவாதம் எழுந்தது: ஒருவர் உரையை அவர் கேளாமலே உலகிற்குக் கீச்சலாமா? 2017 ஜூனில் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தன் மாநாட்டுத் திரைப்படங்களை வெளியிட்ட கீச்சுகளை நீக்குமாறு கோரி, அக்கோரிக்கைக்காகவே கடுமையான கண்டனத்திற்கு உள்ளானது.

இவ்விவாதங்களில் எப்பக்கம் நியாயம் மிகுதி என்பது ஒருபுறமிருக்க, அவை நிகழ்ந்தமையே நாம் கருதத்தக்கது. பரப்பப்படுவது கருத்தும் தரவும் என்பதனாலேயே அங்குப் பூசல் எழுந்தது. நம் கருத்தரங்குகளைப் பற்றிய பதிவுகளால் இத்தகைய பூசல் எழுவது அரிது. பதிவுகளில் கருத்தோ தரவோ இருப்பதில்லை.

பொன்னாடைப் படம்

தமிழ்க் கல்வியாளரின் முகநூல் பதிவு ஒன்றின் அமைப்பு ஏறத்தாழ வரையறுக்கப்பட்டுவிட்டது. முதலில் கருத்தரங்கப் பதாகை, பின்னர் குத்துவிளக்கு, பின்னர் பதிவிடுபவர் பொன்னாடையோ நினைவுப் பரிசோ பெறும் படம், இறுதியில் துறைத்தலைவருடனும் பேராசிரியர்களுடனும் நிற்கும் குழுப்படம். எழுத்து எனில் கருத்தரங்கின் பெயர், நாள், இடம், வாய்ப்பளித்தோர்க்கு நன்றி. கட்டுரையின் தலைப்பு சில பதிவுகளில் இருக்கும். கட்டுரையின் கருத்து இருக்கும் பதிவை இக்கட்டுரையாளர் மிக அரிதாகவே கண்டுள்ளார். பின்னூட்டங்களும் அவ்வாறே: “வாழ்த்துகள் ஐயா”, “சிறப்பு அம்மா”, கூப்பிய கைகள், மலர்க்கொத்து.

இதனைத் தன்முனைப்பு என்று எள்ளி ஒதுக்குவது எளிது. காரணம் வேறிடத்தில் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கருத்தரங்கில் கட்டுரை வழங்குதலைப் பணியமர்த்தத்திற்கும் பதவி உயர்வுக்கும் உரிய மதிப்பெண்ணாக மாற்றியது. பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு ஒன்று, தேசியக் கருத்தரங்கிற்கு ஒன்று, மாநில அளவினதற்கு ஒன்று எனப் படிநிலையும் வகுத்தது. 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மதிப்பெண்ணைக் குறைத்தும், அச்சான கட்டுரைக்கும் வாசித்த கட்டுரைக்கும் இருமுறை மதிப்பெண் கோருதலைத் தடுத்தும் திருத்தம் செய்தது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. அவ்விதியின் கண்ணுக்குத் தெரிவது கட்டுரையாளர் அங்கு இருந்தார் என்பதே. அவர் என்ன கூறினார் என்பதன்று. இருப்பே மதிப்பெண் பெறுமெனில் இருப்பே படமாகும். பன்னாடு, தேசியம் என்னும் அடைமொழிகள் ஒரே மாவட்டத்துக் கல்லூரிகள் கூடும் கூட்டங்களின் பதாகையிலும் ஏறியமைக்கும் இதுவே காரணம்.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. நன்னூல் நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்கிறது. பிறர் கருத்திற்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு படாது தன் கருத்தைக் கொள்ளுதல் என அவை அமையும். ஏழனுள் உடன்படல் ஒன்றே. ஏனைய ஆறும் ஏதேனும் ஒருவகையில் மாறுபாட்டோடு தொடர்புடையவை. உரையாசிரியர் மரபு முழுதும் இவ்வாறினால் வளர்ந்தது. இளம்பூரணரைச் சேனாவரையர் மறுத்தார். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தின் குற்றங்காட்டச் சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்றே நூலுக்குப் பெயரிட்டார். இத்தகைய மரபினர் எழுதும் முகநூலில் காணக்கிடைப்பது ஏழனுள் முதலாவது மட்டும். விருப்பக்குறி என்பது உடன்படலின் மிகச் சுருங்கிய வடிவமன்றி வேறென்ன?

மறுப்பு ஏன் தோன்றவில்லை? அரங்கில் அமர்ந்திருக்கும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மேடையிலிருப்பவர் நாளைய புறத்தேர்வாளராகலாம். மறுநாள் நேர்காணல் குழுவில் அமரலாம். அவர் பதிப்பிக்கும் தொகுப்பிற்கு இவர் கட்டுரை அனுப்ப வேண்டியிருக்கலாம். அரங்கில் எழுப்பும் வினா காற்றோடு போகும். முகநூலில் எழுதிய வினா பெயரோடும் நாளோடும் நிற்கும். படப்பிடிப்பாகவும் பிறர் கைக்குச் செல்லும். ஆகவே வாய்ப்பேச்சில் இருந்த சிறு துணிவும் எழுத்தில் இல்லாமற்போயிற்று. வாட்ஸ்அப் குழுக்கள் இதற்கு மாற்றாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. துறைத்தலைவரும் நெறியாளரும் அதே குழுவில் இருப்பதால் அங்கும் காலை வணக்கமும் வாழ்த்துமே நிலைத்தன. உண்மையான விவாதம் நிகழ்வது நால்வர் ஐவர் மட்டும் உள்ள தனிக்குழுக்களில். ஒரு சங்கப் பாடற்சொல்லின் பொருள்பற்றி அரங்கில் எவரும் வாய்திறவாதிருக்க, அத்தகைய சிறுகுழுவொன்றில் நள்ளிரவுவரை பாடவேறுபாடுகளும் பழைய பதிப்பின் பக்கப்படங்களும் பரிமாறப்பட்டதை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. அவ்விவாதம் அரங்கின் எந்த உரையினும் சிறந்தது. அதனைக் கட்டுரை எழுதியவர் அறியார். அவர் அக்குழுவில் இல்லை.

மறுப்பு மறைவிடத்திலும் உடன்படல் பொதுவிடத்திலும் எனப் பிரிந்து நிற்பது ஆய்வுலகிற்கு ஊறு. பிழையான கருத்தைக் கொண்டவர்க்கு அது பிழை என்று தெரிவதில்லை. வாழ்த்துகள் அவரை எட்டுகின்றன, திருத்தம் எட்டுவதில்லை. அவர் அடுத்த கருத்தரங்கிலும் அதனையே படிப்பார்.

நேரலைக் காலம்

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின் சில திங்களிலேயே இணையவழிக் கருத்தரங்குகள் பெருகின. நாளொன்றுக்கு நான்கு அழைப்பிதழ்கள் அலைபேசிக்கு வந்த காலம் அது. சூம் வழியே நூறு பேரும் யூடியூப் நேரலை வழியே எஞ்சியோரும் இணைந்தனர். தொலைவு, பயணச்செலவு, விடுப்பு ஆகிய மூன்று தடைகளும் ஒரே நாளில் நீங்கின. திருவனந்தபுரத்தில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே அமர்வில் வினவ இயன்றது. கிராக்சாலின் குறை தமிழுக்குத் தீர்ந்த காலம் எனலாம்.

அந்நேரலைகள் சில இன்றும் யூடியூபில் உள்ளன. உரையின் வலப்புறம் ஓடிய பின்னூட்டங்களையும் சிலவற்றில் மீண்டும் காணலாம். உரை தொடங்கும்போது பெயர், கல்லூரி, ஊர் எனப் பங்கேற்பாளர் தம்மை அறிவிக்கின்றனர். இடையில் “அருமை ஐயா”. நாற்பதாம் நிமிடத்திற்குப் பின்னர் “பின்னூட்டப் படிவம் எப்போது வரும்?” என்னும் வினா தலைகாட்டுகிறது. கூகுள் படிவத்தின் இணைப்பு வெளியானதும் பார்வையாளர் எண்ணிக்கை சரிகிறது. உரையாளர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வரும். சில அமைப்பாளர்கள் இதனைத் தடுக்க உரையின் இறுதியிலேயே இணைப்பை வெளியிட்டனர். அதற்குள் அவ்விணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, உரையையே கேளாதவர்க்கும் சான்றிதழ் சென்றது.

இங்கும் குறை பங்கேற்பாளரிடம் மட்டும் இல்லை. பின்னூட்டத்தில் எழுந்த ஓரிரு நல்ல வினாக்களை எடுத்துப் படிக்க ஒருவரை அமர்த்திய கருத்தரங்குகள் சிலவே. அவ்வாறு அமர்த்தியவிடத்து, முன்னிருக்கையில் எவருக்கும் தெரியாத இளங்கலை மாணவியின் வினா மூத்த பேராசிரியரைச் சென்றடைந்தது. அவரும் அதற்கு விரிவாக விடை கூறினார். நேரடி அரங்கில் அம்மாணவி எழுந்து நின்றிருக்க வாய்ப்பில்லை. ஊடகத்தின் ஆற்றல் அங்கு வெளிப்பட்டது. நேரடிக் கருத்தரங்குகள் மீண்டபின் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தவர் அரியர். நேரலைக் கருவிகள் அலமாரிக்குச் சென்றன. பொன்னாடைகள் வெளியே வந்தன.

இசைவு

கருத்தும் வினாவும் பதிவாக வேண்டும் என்று கோருமிடத்து, மேலே சுட்டிய உரிமைச் சிக்கலும் உடன் எழும். தமிழாய்வில் அது புதிய வடிவிலும் எழும். ஏட்டுச்சுவடி ஒன்றைத் தேடிக்கண்ட ஆய்வாளர், களத்தில் நாட்டார் பாடலைத் திரட்டிய ஆய்வாளர், கல்வெட்டொன்றின் புதிய வாசிப்பை முன்வைப்பவர் ஆகியோரின் உழைப்பு திரையில் தோன்றும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடக்கூடியது. அப்பக்கம் படமாகி வாட்ஸ்அப்பில் சென்றால் மூன்றாவது பகிர்விலேயே கண்டவர் பெயர் உதிர்ந்துவிடும். பமேலா முடிவுகளைப் படம்பிடித்தோர் மூலத்தைக் குறிப்பிட்டனர். நம்மிடையே மூலம் குறிப்பிடப்படும் என்று உறுதி கூற இயலுமா? ‘என்பாரும் உளர்’ எனப் பெயர் சுட்டாது மறுப்பது உரையாசிரியர் வழக்கு. பெயர் சுட்டாது எடுத்துக்கொள்வது அவர்தம் வழக்கன்று.

துண்டாகப் பரவுதலின் கேட்டிற்கு வேறொரு சான்றும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ புதினத்திற்கு எதிராக 2014 இறுதியில் கிளர்ச்சி எழுந்தபோது, புதினத்தின் சில பக்கங்கள் மட்டுமே படியெடுக்கப்பட்டு மக்களிடம் பரப்பப்பட்டன. நூல் முழுதும் படித்தோர் சிலரே. அது கருத்தரங்கு தொடர்பானதன்று. ஆயினும் சாதி, சமயம், பாலியல் முதலிய பொருள்களில் ஆய்வுரை நிகழ்த்துவோர் இன்று எதிர்கொள்ளும் அச்சம் அத்தகையதே. நாற்பது நிமிட உரையில் ஒரு நிமிடம் வெட்டப்பட்டுக் காணொலியாகச் செல்லுமெனில், எதிர்த்தரப்பின் கூற்றாக எடுத்துக்காட்டியதும் உரையாளரின் கூற்றாகவே கேட்கும். முதலில் பிறர் மதத்தை மேற்கொண்டு பின்னர்க் களைபவர், களையும் பகுதி வெட்டப்பட்டால் அம்மதத்தினராகவே ஆகிவிடுவார். பெண் ஆய்வாளர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவர்தம் படத்தை அவர் இசைவின்றி எவரேனும் பதிவிட, அறிமுகமற்றோரின் செய்திகள் அன்றிரவே வரத்தொடங்கும். இதனைக் கூறத் தயங்கிப் பதாகையின் ஓரத்தில் நிற்பவர்களைக் குழுப்படங்களில் காணலாம்.

ஆகவே இசைவு முதலில் அமைய வேண்டும். அதற்குப் பெரிய விதிநூல் தேவையில்லை. கட்டுரை பெறும்போதே நிரப்பப்படும் பதிவுப் படிவத்தில், உரையைப் பற்றி எழுதலாமா, திரைப்பக்கத்தைப் படம்பிடிக்கலாமா, தம் படத்தை வெளியிடலாமா என மூன்று வினாக்களைச் சேர்த்தால் போதும். அமர்வுத் தலைவர் ஒவ்வொரு கட்டுரையாளரையும் அறிமுகம் செய்யும்போது அவ்விடைகளை அறிவிக்கலாம். வாழ்க்கைக் குறிப்பின் நீளத்தைச் சற்றுக் குறைத்தால் அதற்கு நேரம் கிடைக்கும்.

வினாவிற்கு ஓரிடம்

கீச்சுகளை நம்பி மட்டும் இருக்கவும் இயலாது. மாநாட்டுக் கீச்சுகளைத் தொகுத்துவைக்க மேலைநாட்டார் பெரிதும் பயன்படுத்திய ஸ்டோரிஃபை என்னும் தளம் 2018 மே மாதத்தில் மூடப்பட்டது. அதில் தொகுத்தவை அதனோடு மறைந்தன. ட்விட்டரும் 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறி, ஆய்வாளர் கட்டணமின்றித் தரவு பெறும் வழியை அதே ஆண்டில் அடைத்தது. அங்கிருந்த கல்வியாளர் பலர் மாஸ்டடான், புளூஸ்கை எனப் பிரிந்து சென்றனர். 2009ஆம் ஆண்டின் கீச்சுகளை இன்று ஆராயப்புகும் ஒருவர்க்கு 2011இல் வெளியான அக்கட்டுரையின் அட்டவணைகளே பெருந்துணை. நம் முகநூல் பதிவுகளுக்கு அத்தகைய அட்டவணையும் இல்லை.

அரங்கில் எழும் வினாக்களைக் குறித்துக்கொள்ள ஒவ்வோர் அமர்விற்கும் இரண்டு ஆய்வாளரை அமர்த்துவது துறைகளுக்கு இயலாத செயலன்று. வரவேற்பிற்கும் உணவுக்கூடத்திற்கும் பதின்மரை அமர்த்துகிறோம். வினவியவர் பெயர், வினா, விடை, விடை கூறப்படாதவை ஆகியவற்றை அவர்கள் அன்று மாலையே துறையின் முகநூல் பக்கத்தில் வெளியிட்டால், வர இயலாதோரும் இரண்டொரு நாளில் தம் கருத்தைச் சேர்க்கலாம். பெயர் வெளியிட விரும்பாதவர் வினாவைப் பெயரின்றியும் இடலாம். இளையோர்க்கு அது துணிவளிக்கும். பின்னர் அவற்றைச் செம்மை செய்து துறையின் ஆய்விதழில் நான்கு பக்கங்களாக அச்சிடலாம்.

ஆய்வுக்கோவையில் அவற்றைச் சேர்க்கலாமே என்று வினவப்படலாம். அதற்கு ஆய்வுக்கோவை கருத்தரங்கிற்குப் பின்னர் வெளிவர வேண்டும். தொடக்க விழாவில் வெளியிடுவதற்கு நூல் இல்லையெனில் சிறப்பு விருந்தினரை எதற்கு அழைப்பது என்பது அமைப்பாளர் ஒருவர் அண்மையில் இக்கட்டுரையாளரிடம் எழுப்பிய வினா. அவர் எள்ளலாகக் கேட்கவில்லை. நூலை வெளியிடுபவர் பெயரும் முதற்படி பெறுபவர் பெயரும் அழைப்பிதழில் முன்பே அச்சாகியிருந்தன.